பிரசவத்துக்கு எவ்வளவு செலவாச்சு? கேட்டு எழுதப் போகிறவர்களுக்கு

அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை பெற்று வந்த பெண்ணிடம் “பிரசவத்துக்கு எவ்வளவு செலவாச்சும்மா?” என்று கேட்டால், “ஒண்ணும் ஆகலக்கா, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதானே” என்பாள். டேப்லெட்டில் பூஜ்யத்தைத் தட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடலாம், மென்பொருளும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தப் பூஜ்யம் தப்பு. அவள் பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பில் எவ்வளவு என்று கேட்டதாக நினைத்துப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

நான் வேலூர் மாவட்டம் குடியாத்தத்துக்காரி. தாய்-சேய் நலம் பற்றிய பொருளாதார ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது பல வருஷமாக என் பிழைப்பு. இப்போது புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். புள்ளியியல் தலைகீழாகத் தெரியும். கே.வி. குப்பத்தில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, மாமியார் காதில் விழாமல் ஒரு கேள்வி கேட்க மட்டும் தெரியாது. அவர்களுக்காகவும், எம்.ஏ. புராஜெக்ட் என்று இதில் இறங்குகிற நம் ஊர் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஜனங்களுக்கு நாம் புதிதில்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். பசுமைப் புரட்சி என்ன செய்தது என்று பார்க்க 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆட்கள், அப்போது வட ஆற்காடு என்று இருந்த நம் மாவட்டத்து நெல் கிராமங்களுக்கு வந்தார்கள். 80களின் தொடக்கத்தில் இன்னொரு குழு, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, மறுபடி வந்தது. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கே.வி. குப்பம் பக்கத்துக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) பதிவு செய்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறது. அதனால் “எங்க ஆயா காலத்துல இருந்து எழுதிட்டுத்தான் போறீங்க, எங்களுக்கு இன்னா கிடைச்சுது?” என்று யாராவது கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். நியாயமான கேள்வி. வீடு, கடன், பணம் என்று எதுவும் வாங்கித் தர முடியாது, பெயர் வெளியே வராது, பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், நடுவிலேயே போதும் என்று எழுந்துவிடலாம் என்று நேராகச் சொல்லிவிட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

எந்த வீட்டுக்குப் போவது

இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

நம் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு அழைத்துப் போனால், குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆகித்தான் புருஷன் வீட்டுக்குத் திரும்புவாள். பேரணாம்பட்டில் வாழ்க்கைப்பட்ட பெண், அணைக்கட்டுப் பக்கம் தாய்வீட்டில் இருந்தபடி, அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் குழந்தை பெற்றிருப்பாள். ஆட்டோவுக்குக் கொடுத்தது அவள் அண்ணன், நகையை அடகு வைத்தது அவள் அம்மா.

இப்போது நம் கணக்கெடுப்பைப் பாருங்கள். குடும்பம் என்றால் ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் என்று விளக்கம் எழுதி வைத்திருக்கிறோம். பேரணாம்பட்டு வீட்டில் மருத்துவச் செலவு கேட்டால் இல்லை என்பார்கள், உண்மையிலேயே அங்கே செலவில்லை. அணைக்கட்டு வீட்டில் கேட்டால், கட்டிக்கொடுத்த பெண் குடும்ப உறுப்பினர் பட்டியலிலேயே இல்லை, அதனால் அந்தக் கேள்வியே திறக்காது. இரண்டு வீட்டிலும் பூஜ்யம், நடுவில் ஒரு சங்கிலி அடகுக்கடையில்.

இது சின்ன விஷயமில்லை. மருத்துவச் செலவு ஒரு குடும்பத்தைக் கவிழ்த்துவிட்டதா என்று பார்க்கப் பொருளாதாரத்தில் ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். குடும்பத்தின் மொத்தச் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டுகிறதா, அல்லது சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சும் பணத்தில் 40 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று வகுத்துப் பார்ப்பார்கள். மேலே போடுகிற எண் அம்மா வீட்டுப் பணம், கீழே போடுகிற எண் புருஷன் வீட்டு வருமானம் என்றால் அந்த வகுத்தலுக்கு என்ன அர்த்தம்?

அதனால் செலவை வீட்டோடு கட்டாதீர்கள், கர்ப்பத்தோடு கட்டுங்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் ஒரு தாள். ஒவ்வொரு செலவு வரிக்கும் பக்கத்தில் “யார் கொடுத்தது” என்று ஒரு கட்டம்: அவளே, புருஷன் வீடு, தாய்வீடு, வேறு யாராவது. அந்தப் பெண் அனுமதித்தால் அவள் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். தாய்வீட்டு வருமானத்தையும் நாலைந்து கேள்வியில் கேட்டு வையுங்கள். மேற்பார்வையாளர் “சாம்பிள்ல இல்லாத வீட்டுக்கு ஏன் போனீங்க” என்று பெட்ரோல் பில்லைத் தள்ளிவிடுவார். அதனால் அதற்கான அனுமதியை ஆய்வு ஆரம்பிக்கும் முன்பே பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரிடம், எப்போது

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள்தான் எனக்குப் பிடித்தவர்கள். மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும். கை பாட்டுக்குச் சுற்றி, நூல் கட்டி, வாயை மடித்துப் போட்டுக்கொண்டே இருக்கும், பேச்சு தனியாக ஓடும். ஒரு மணி நேரம் கேட்டாலும் அவள் கூலி குறையாது. ஆனால் கட்டு கொண்டுபோய்க் கொடுக்கிற நாளில் மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு எண்ணிக்கை தவிர வேறு எதுவும் அவள் காதில் ஏறாது. அப்புறம், முறத்துக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். தூள் மூக்கில் ஏறித் தும்மினால் உங்கள் டேப்லெட்டுக்கும் கேடு, அவள் தூளுக்கும் கேடு.

ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போகிற பெண்களை வார நாளில் பிடிக்க முடியாது. விடிந்ததும் வேனில் ஏறினால் இருட்டும்போதுதான் இறங்குவார்கள். பகலில் போய்விட்டு “வீடு பூட்டியிருக்கிறது” என்று எழுதி, பக்கத்து வீட்டை மாற்றாக எடுத்துக்கொண்டால், மாதச் சம்பளம் வாங்குகிற தாய்மார்கள் மொத்தமாக உங்கள் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள். அவர்களில் பலருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. அது கைக்கு வந்ததா, இல்லை பிரசவத்துக்கு முன்பே வேலையை விட்டு நின்றுவிட்டாளா என்பது ஆய்வுக்கு மிக முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலை, கறிக்கடைக்குப் போய் வந்த பிறகு, குழம்பு கொதிக்கிற நேரம்தான் இவர்களுக்குச் சரி.

பேரணாம்பட்டு, மேல்விஷாரம் போன்ற ஊர்களில் உருது பேசுகிற ஒரு பெண்ணைக் கூட்டிப் போங்கள். ஆந்திர எல்லைப் பக்கம் தெலுங்கு. மொழிபெயர்த்துச் சொல்ல வீட்டுப் பையனை உட்கார வைத்துக்கொண்டு அவன் அண்ணியிடம் மாதவிலக்கு பற்றிக் கேட்பது கூடாது.

மாமியார் விஷயம் தனி. அவரை வெளியே போகச் சொன்னால் பகை வரும். குழுவில் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மாமியாரிடம் போய் “ஆயா, உங்க காலத்துல பிரசவம் எப்படி இருந்துச்சு?” என்று ஆரம்பித்தால் போதும், அவர் கொல்லைப்புறத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கிவிடுவார். மருத்துவச்சி, காயம் (பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்து), பத்தியம் எல்லாம் வரும். அந்த நேரத்தில் மருமகளிடம் மற்றவர் கேட்டுக்கொள்ளலாம். மாமியார் சொல்வதையும் மெய்யாகவே குறித்துக்கொள்ளுங்கள், சும்மா தலையாட்டினால் அவருக்குத் தெரிந்துவிடும்.

மலைக் கிராமங்களுக்கு, அல்லேரி, பீஞ்சமந்தை பக்கம் போவதென்றால், வேறு கணக்கு. அங்கே ஆஸ்பத்திரிக்கு இறங்கி வருவதே பெரிய செலவு, அதில் பாதி பணமாக இருக்காது. தூக்கி வந்தவர்களின் அன்றைய கூலி, பைக் கொடுத்தவனுக்குப் போட்ட பெட்ரோல், அடிவாரத்தில் காத்திருந்த நேரம் எல்லாவற்றையும் கேளுங்கள்.

எத்தனை குழந்தை என்று கேட்பது

“உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?” என்ற ஒற்றைக் கேள்வி உதவாது. கண் முன்னால் விளையாடுகிற குழந்தைகளைத்தான் சொல்வார்கள். உங்களோடு இருக்கிற பையன்கள், பெண்கள், வேறு இடத்தில் இருக்கிறவர்கள், பிறந்து தவறியவர்கள் என்று பிரித்துக் கேட்பதுதான் உலகம் முழுக்க இருக்கிற முறை. நம் ஊரில் கடைசிக் கேள்வியை நான் இப்படிக் கேட்பேன்: “பிறந்து ஒரு அழுகை அழுதுட்டு, இல்ல ஒரு நாள் ரெண்டு நாள் இருந்துட்டுப் போன குழந்தை ஏதாவது உண்டாம்மா?” ஒரு அழுகை என்று சொன்னால்தான் உயிரோடு பிறந்ததும் இறந்தே பிறந்ததும் பிரியும். அவள் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். “சாரி” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள்.

பிறந்த தேதியை ஞாபகத்திலிருந்து வாங்காதீர்கள். தாய்-சேய் நலப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை மூன்றில் ஒன்று பெரும்பாலும் பீரோவில் இருக்கும். பிறந்த எடையும் அதிலிருந்துதான் வர வேண்டும், “நல்ல வெயிட்டுக்கா” என்பதை எழுத முடியாது. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே என்றால் எடை குறைவு என்ற கோடு இருப்பதால், ஐம்பது கிராம்கூட ஒரு குழந்தையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். புத்தகம் கிடைக்காவிட்டால் ஊர்க் காலண்டர் ஒன்று போடுங்கள். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசியில். அதற்கு முன்பா பின்பா? 2016 நவம்பரில் ஐந்நூறு ஆயிரம் நோட்டு செல்லாமல் போனது, 2020 மார்ச்சில் ஊரடங்கு, 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம். “வெள்ளம் வந்தப்ப வயித்துல இருந்தான், நாலு மாசம்” என்பாள். அதை வைத்துத் தேதிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

செலவுப் பட்டியல்

மொத்தமாகக் கேட்டால் குறைவாக வரும். வரிவரியாகக் கேட்டால் கூடும். இது எல்லாக் கணக்கெடுப்புக்கும் பொது. கேட்கிற கால அளவும் அப்படித்தான். 1999-2000இல் தேசிய மாதிரி ஆய்வில் சாப்பாட்டுச் செலவைக் கடந்த ஏழு நாளுக்கு எவ்வளவு, கடந்த முப்பது நாளுக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் இரண்டு விதமாகக் கேட்டார்கள். நாட்டில் ஏழ்மை எவ்வளவு குறைந்தது என்று பொருளாதார நிபுணர்கள் வருஷக்கணக்கில் சண்டை போட அதுவே போதுமானதாக இருந்தது.

பிரசவத்துக்கு நாள் கணக்கு சரிப்படாது. நான் நாலு கட்டமாகப் பிரிப்பேன்: தெரிந்த நாளிலிருந்து வளைகாப்பு வரை, வளைகாப்பிலிருந்து வலி எடுத்தது வரை, ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு வந்து குழந்தை தலை நிற்கும் வரை. இந்த நாலையும் எந்தப் பெண்ணும் மறக்க மாட்டாள். ஒவ்வொன்றுக்குள்ளும் வரியாகப் போங்கள்.

அந்தப் பூஜ்யக்காரப் பெண்ணிடமே திரும்பப் போவோம். கணக்கு விளங்குவதற்காக நான் போட்ட மாதிரி எண்கள் இவை. வெளியே தனியார் சென்டரில் எடுத்த ஸ்கேன் 2,700. ஆட்டோ, போக வர, நடுவில் “வலி இல்ல, அப்புறம் வாங்க” என்று திருப்பி அனுப்பியது உட்பட 1,800. துணைக்கு இருந்த அம்மாவுக்கு ஏழு நாள் சாப்பாடு, டீ 1,050. வெளியே எழுதிக்கொடுத்த மருந்து 600. பக்கெட், ஃபிளாஸ்க், துண்டு, குழந்தைத் துணி 850. அப்புறம் ஸ்ட்ரெச்சர் தள்ளியவருக்கும், குழந்தையைக் காட்டியவருக்கும் கொடுத்த “சந்தோஷம்” 1,500. ஆக 8,500.

இந்தக் கடைசி வரியைச் சொல்ல வைப்பதுதான் கஷ்டம். “லஞ்சம் கொடுத்தீங்களா” என்று கேட்டால் இல்லை. “குழந்தை பிறந்ததும் எல்லாரும் சந்தோஷமா ஏதாவது கேட்பாங்களே, எவ்வளவு கொடுத்தீங்க?” என்றால் வந்துவிடும். பையனா பெண்ணா என்பதைப் பொறுத்து ரேட் மாறியதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆள் என்பதை அந்த வரியோடு ஒட்டி எழுதாதீர்கள். தாள் யார் கைக்கும் போகலாம், அடுத்த பிரசவத்துக்கும் அவள் அங்கேதான் போக வேண்டும்.

இன்னும் முடியவில்லை. அம்மா ‘நூறு நாள் வேலை’த் திட்டத்துக்குப் பத்து நாள் போகவில்லை. ஒரு நாளைக்கு 300 என்று வைத்தாலும் 3,000. இது பொருளாதாரக் கணக்கில் செலவுதான், காசாகக் கையிலிருந்து போகவில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது. ஆக 11,500. நகையை வைத்து வாங்கிய பத்தாயிரத்துக்கு இரண்டு வட்டி, எட்டு மாதம், 1,600. மொத்தம் 13,100. வட்டியை மட்டும் தனி வரிசையில் வையுங்கள். அது வைத்தியத்தின் விலை அல்ல, கையில் காசு இல்லாததன் விலை. இரண்டையும் கலந்தால் ஏழைக்கு வைத்தியமே அதிக விலை என்பது போலத் தப்பாகத் தெரியும்.

வளைகாப்புச் செலவைச் சேர்க்கலாமா என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சண்டை வரும். பேராசிரியர்கள் வேண்டாம் என்பார்கள். என் கட்சி, கேட்டு வாங்கித் தனியாக வையுங்கள். அடகுக் கடைக்காரர் வளையலுக்கு இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு என்று பிரித்து ரசீது போடுவதில்லை.

வந்த பணம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 1987இல் தொடங்கியது. 2018இலிருந்து அது 18,000 ரூபாய்: 14,000 பணமாகவும், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும். முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். தவணை எத்தனை என்பது நடுநடுவே மாறியிருக்கிறது. அதனால் “பணம் வந்ததா” என்று கேட்காதீர்கள். எந்தத் தவணை, எந்த மாதம் ஏறியது, அப்போது குழந்தைக்கு எவ்வளவு வயசு, யார் பேரில் உள்ள பேங்க் கணக்கு, என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். கர்ப்பத்தில் முட்டையும் பாலும் வாங்கிச் சாப்பிடக் கொடுத்த பணம் குழந்தை தவழும்போது வந்து சேர்ந்தால், அது குழுக் கடனை அடைக்கப் போகும். நல்லதுதான், ஆனால் வயிற்றில் இருந்த குழந்தையின் எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாஸ்புக்கில் தேதி அச்சாகி இருக்கும், காட்டச் சொன்னால் காட்டுவார்கள்.

இங்கே தாய்வீட்டுச் சிக்கல் மறுபடி தலை காட்டும். பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்தால் கிடைக்கிற எண்) புருஷன் ஊர் நர்சம்மாவிடம் பதிந்தது, ஊசி போட்டது தாய்வீட்டு ஊரில் என்றால் தவணை நின்று நின்று வரும். எந்த ஊரில் எது நடந்தது என்று இரண்டு ஊர்ப் பெயரையும் எழுதுங்கள்.

பணமோ பொருளோ சரியான நேரத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் பிள்ளைகளிடம் சொல்வது உதய்ப்பூர் ஆய்வைத்தான். ராஜஸ்தான் கிராமங்களில் பொருளாதார நிபுணர்கள் பானர்ஜி, டூஃப்லோ குழுவினர் செய்து 2010இல் வெளியிட்டது. எதுவும் செய்யாத கிராமங்களில் 6 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் முழுத் தடுப்பூசி. தவறாமல் முகாம் நடத்திய கிராமங்களில் 18. முகாமோடு ஒரு கிலோ பருப்பும், முழுதும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த இடத்தில் 39. பருப்பு ஊசி போடுகிற இடத்திலேயே, அன்றைக்கே, அம்மா கையில் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

யார் சாப்பிட்டது

“வாரத்துக்கு எத்தனை முட்டை வாங்குவீங்க?” என்றால் வீட்டுக்கு எத்தனை வந்தது என்று தெரியும். யார் தட்டில் விழுந்தது என்று தெரியாது. நான் நேற்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து ஆரம்பிப்பேன். “டீ குடிச்சீங்களா, பால் போட்டா? அப்புறம்? மத்தியானம் குழம்பு என்ன? நீங்க சாப்பிடறப்ப சட்டியில மீதி என்ன இருந்துச்சு?” இந்தக் கடைசிக் கேள்வி எந்தத் தாளிலும் இருக்காது, கேளுங்கள். கத்தரிக்காயும் முட்டையும் போட்ட குழம்பில் அவளுக்கு வெறும் குழம்புதான் மிஞ்சியிருக்கும். தானியம், பருப்பு, கீரை, பால், முட்டை, கறி மீன் என்று பத்து வகையில் குறைந்தது ஐந்து நேற்று வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும் என்பது பெண்களுக்கான அளவுகோல். வீட்டு மளிகைச் சீட்டை வைத்து ஐந்துக்கு மேல் எழுதிவிட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவேன்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்றால், கர்ப்பத்துக்கு முன்பே பெண் எப்படி இருக்கிறாள் என்பதில்தான் இந்தியாவின் முடிச்சு இருக்கிறது. ஆய்வாளர் டயான் காஃபி 2015இல் கணக்குப் போட்டதில், கர்ப்பம் தரிக்கும் நேரத்தில் இந்தியப் பெண்களில் சுமார் 42 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். புது மருமகள் கடைசியில் சாப்பிடுகிற வீட்டில் இது ஆச்சரியமில்லை. பொருளாதார நிபுணர்கள் சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017இல் எழுதியது இன்னொரு பக்கம். ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் நம் தலைக்குழந்தைகள் அவ்வளவு குட்டையாக இல்லை, அடுத்தடுத்துப் பிறந்தவர்களிடம்தான் குறை கூடிக்கொண்டே போகிறது, தலைப்பையன் மேல் உள்ள ஆசை அதில் பெரிய பங்கு வகிக்கிறது என்றார்கள். ஆகவே எத்தனையாவது குழந்தை, முன்னால் பிறந்தவை பையனா பெண்ணா என்பதை ஒவ்வொரு குழந்தைக்கும் விடாமல் எழுதுங்கள். அது இல்லாமல் வருகிற உயரக் கணக்கு எனக்குப் பாதிக் கணக்கு.

சின்ன வயசுச் சாப்பாடு பிற்காலக் கூலியாக மாறும் என்பதற்குக் குவாத்தமாலா சாட்சி. 1969இலிருந்து 1977 வரை சில கிராமங்களில் குழந்தைகளுக்குச் சத்துக் கஞ்சி கொடுத்தார்கள், மற்றவற்றில் சத்து குறைந்த இனிப்புப் பானம். இரண்டு வயசுக்குள் கஞ்சி குடித்த ஆண் பிள்ளைகள் பெரியவர்களானபோது மணிக்கூலி சராசரியாக 46 சதவீதம் அதிகம் வாங்கினார்கள் என்று 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெண்களுக்கு அப்படிக் கூலி கூடியதாகக் காட்ட முடியவில்லை. பால்வாடியில் சத்துமாவுப் பாக்கெட்டை யார் சாப்பிட்டது என்று நான் குடைவதை எரிச்சலாகப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எடையும் உயரமும்

சாணம் மெழுகின தரையில் எடை இயந்திரம் ஆடும். ஒரு பலகை கொண்டுபோங்கள். குழந்தை அழுதால் அம்மாவை ஏற்றி, எண்ணைப் பூஜ்யமாக்கி, குழந்தையை அவள் கையில் கொடுங்கள். இரண்டு வயசுக்குக் கீழே படுக்க வைத்து, மேலே நிற்க வைத்து அளக்க வேண்டும். மாற்றி அளந்தால் 0.7 சென்டிமீட்டர் திருத்தம் உண்டு, எப்படி அளந்தீர்கள் என்று எழுதினால்தான் திருத்த முடியும்.

எண்ணை உரக்கச் சொல்லாதீர்கள். கண்ணு பட்டுவிடும் என்ற பயம் ஆயாக்களுக்கு உண்டு. எழுதுகிறவர் இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக் குறிக்கட்டும். அளந்து முடித்ததும் ஆயா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டால் காத்திருந்துவிட்டு எழுந்திருங்கள், அதில் என்ன குறைந்துவிடப் போகிறது. குழந்தையின் மேல் கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனாலோ, கர்ப்பிணிக்கு ரத்தம் 7 கிராமுக்குக் கீழே இருந்தாலோ, தாளில் எழுதியதோடு விடக் கூடாது. அன்றைக்கே, அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, அந்த ஊர் நர்சம்மாவுக்குத் தகவல் போக வேண்டும். அப்படிச் செய்தால் ஆய்வின் முடிவு கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், முடிவு கெடட்டும்.

பழைய எண்களோடு வைத்துப் பார்க்கும்போது

“வேலூர் மாவட்டம்” என்று போட்ட அட்டவணையைக் கண்டதும் எடுத்துவிடாதீர்கள். 1989க்கு முன்னால் வட ஆற்காடு என்றால் திருவண்ணாமலையும் உள்ளே. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆனால் 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில் வேலூர் என்று இருப்பது பிரிவதற்கு முந்தைய பெரிய வேலூர்தான். இன்றைய வேலூரில் மட்டும் எடுத்த உங்கள் எண் அதோடு ஒத்துப்போகாவிட்டால் ஊர் முன்னேறிவிட்டது என்று எழுதக் கூடாது.

அதே ஆய்வில் தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் பிரசவம் 99.6 சதவீதம். அப்படியானால் “எங்கே பிரசவம்” என்ற கேள்வியில் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, எல்லாரும் ஒரே பதில். ஐந்து வயசுக்குள் குட்டையான குழந்தைகள் 25 சதவீதம், ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவீதம், ஆபரேஷன் பிரசவம் 44.9 சதவீதம் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. நேரத்தை அங்கே செலவழியுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றவர்களின் குழந்தைகள் நன்றாக இருக்கின்றன என்று எண் வந்தால், ஆஸ்பத்திரி நல்லது என்று முடிவு கட்டும் முன்னால் அங்கே யார் போனார்கள் என்று பாருங்கள். காசு இருந்ததால் போனாளா, கர்ப்பத்தில் சிக்கல் என்று பயந்து போனாளா? இரண்டும் எண்ணை எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும்.

சாயங்காலம், பஸ் ஏறும் முன்

அன்றைய தாள்களை அன்றைக்கே பாருங்கள். செலவில் பூஜ்யம், ஐந்நூறு, ஆயிரம் என்று முழு எண்ணாகவே வரிசையாக வந்திருந்தால் எழுதியவர் கேட்கவில்லை, ஊகித்திருக்கிறார். பத்துத் தாளுக்கு ஒன்று என்று எடுத்து, வேறு ஒருவர் போய் நாலே கேள்வி திரும்பக் கேட்டுவர வேண்டும்: பிறந்த தேதி, பிறந்த எடை, ஸ்கேனுக்கு எவ்வளவு, தாய்வீட்டில் யார் கொடுத்தது. முதல் மூன்றும் பெரும்பாலும் பொருந்தும். நாலாவது மாறினால் அவசரப்பட்டு யாரையும் திட்டாதீர்கள், முதல் தடவை புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரா என்று கேளுங்கள். அதற்காகத்தான் தாளின் மேல் மூலையில் “கேட்கும்போது கூட இருந்தவர்கள்” என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அதை நிரப்பாத தாளை நான் வாங்குவதில்லை.